ஏலக்கூடத்தில் நட்ட தோட்டம்

போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு ஏலக்காய் அனுப்பும் ஏலமலை விவசாயி எவரும், விற்பனை அங்கே நடக்கிறது என்பதற்காகத் தோட்டத்தையே ஏலக்கூடத்துக்குள் கொண்டுபோய் நடுவதில்லை. அந்தத் துணிச்சல் கட்டற்ற மென்பொருள்காரர்களுக்கே உரியது. ஊருக்கெல்லாம் சுதந்திரம் போதிப்பார்கள். அவர்களுடைய நிரல், பிழைப்பட்டியல், திருத்த விவாதம், தானியங்கிச் சோதனை அத்தனையும் கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் குடியிருக்கும். 2018இல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்க முடிவுசெய்தபோது குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அதே வகைத் தளமான கூகுள் கோட் 2016இல் கடையையே மூடியது. 2014 டிசம்பரில் இந்திய அரசு முடக்கச் சொன்ன 32 தளங்களில் கிட்ஹப்பின் நிரல்துணுக்குத் தளமான கிஸ்ட்டும் ஒன்று.

“நிரலின் பிரதி எல்லோரிடமும் இருக்கிறதே?” என்பார்கள். இருக்கிறது, நிரல் பிழைக்கும், பத்தாண்டு விவாதம் பிழைக்காது. “நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் யார் எழுப்புவது?” நியாயமான கேள்வி. டெபியன், குனோம், கேடிஈ ஆகிய திட்டங்கள் கிட்லேப் என்ற மென்பொருளைக் கொண்டு இப்படியொரு தளத்தைச் சொந்தமாக நடத்துகின்றன. அவை பெரிய எஸ்டேட்டுகள் என்றே வைத்துக்கொள்வோம். சொந்தமாக உலர்கூடம் இல்லாத சிறு விவசாயி பக்கத்துத் தோட்டத்தில் கூலி கொடுத்துக் காயை உலர்த்திக்கொள்கிறார். சிறு திட்டங்களுக்கும் ஃபோர்ஜேயோ என்ற கட்டற்ற மென்பொருளில் இயங்கும் கோட்பெர்க் தளம் இருக்கிறது. அதை நடத்துவது பெர்லினில் பதிவான, லாபநோக்கற்ற சங்கம். “பங்களிப்பவர்கள் எல்லாம் கிட்ஹப்பில்தானே?” இருக்கட்டும், அங்கே ஒரு நகலை வையுங்கள். சந்தைக்குச் சரக்கை அனுப்புங்கள். பட்டாவையும் சேர்த்து அனுப்பாதீர்கள்.