ஹோம் மாறிப் பிறழ்ச்சி: கள்ளக்குறிச்சிக் களத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கறுப்புத் திரையில் 'சிடி' என்று மட்டும் தட்டினால் லினக்ஸின் கட்டளை நிரலான பாஷ் நம்மை வீட்டில், அதாவது நம் சொந்த அடைவில், கொண்டுபோய் விட வேண்டும். வேறெங்கோ இறக்கிவிட்டால் என் செய்வது என்பதே ஈண்டு ஆராயப்படும். ஆய்வு எல்லை கள்ளக்குறிச்சி முதல் கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலை வரை. அதற்குமேல் ஆய்வாளருக்கு மூச்சு வாங்கும்.

களம் இதுவாயது ஏனெனின், வீடு மாறாமலே முகவரி மாறிய சீமை இது. 1993 செப்டம்பர் 30 வரை தென்னார்க்காடு, பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சியே மாவட்டம். திண்ணையை விட்டு இறங்காதவருக்கும் மூன்று மாவட்டம் வாய்த்தது. மலைமேல் சிக்கல் இன்னும் ஆழம். 1976 வரை ஜாகீர்தார்கள் ஆண்ட கல்வராயனில், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழி மரபு.

ஆவணம் ஒன்று சொல்ல ஆள் ஒன்று சொல்லும் இந்நிலை லினக்ஸிலும் உண்டு. பாஸ்வேர்டு கோப்பில் நம் பெயருக்குரிய வரியின் ஆறாம் புலம், வீடு எதுவெனக் குறிக்கும் பதிவேடு. அதையே சொல்லும் ஹோம் மாறியோ வாய்ச்சொல். உள்ளே நுழைகையில் பதிவேட்டைப் பார்த்தே நிரப்பப்பட்டாலும், பிறகு யாரும் மாற்றலாம். 'சிடி'யும் '~' குறியும் வாய்ச்சொல்லை நம்பும். தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் பதிவேட்டைத்தான் நம்பும். அதனிடம் கதை நடக்காது.

பிறழ்ச்சிக்குக் காரணம் பல. அவற்றுள் தலையாயது மேற்கோள் குறி. ஹோம் மாறிக்குள் '~/வேலை' என்று மேற்கோளிட்டு எழுதினால் '~' விரியாது. சில நிரல்கள் அதை மெய்யென நம்பி, நின்ற இடத்திலேயே '~' என்ற பெயரில் ஓர் அடைவைக் கட்டிவிடும். அசிங்கமாயிருக்கிறதே என்று இன்னொரு முனையத்தில் 'ஆர்எம் -ஆர் ~' போட்டால் போவது அசல் வீடு! './~' என்று எழுதியவர் பிழைத்தார்.

'எக்கோ $ஹோம்' ஒரு விடையும் 'கெட்என்ட் பாஸ்வேர்டு' வேறு விடையும் தந்தால் நோய் உறுதி. பாஷ்ஆர்சி, ப்ரொஃபைல் கோப்புகளில் 'ஹோம்=' என்றிருக்கும் வரியை நீக்குக. அக்கோப்புகளையும் '~' வழியே தேடலாகாது; முழுப் பாதை வேண்டும். அவசரத்துக்கு 'அன்செட் ஹோம்' போதும். வாய்ச்சொல் அழிந்ததும் பாஷ் '~'க்குப் பதிவேட்டைப் புரட்டும். வெறும் 'சிடி' மட்டும் 'ஹோம் நாட் செட்' என்று முறைக்கும்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் இதற்கு நிகரான கட்டளை உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.