பெரியப்பாவுக்கு ஒரு தூரக் கணக்கு

கார்ஜ், பாரிஸ் புறநகர்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

"எத்தனை மைல், எத்தனை மணி நேரம், சரியாகக் கணக்குப் போட்டு எழுது, அப்புறம்தான் டிக்கெட்" என்று கேட்டிருந்தீர்கள். முத்தியால்பேட்டையை விட்டு உங்களைக் கிளப்பப் பெரியம்மா படும் பாடு தெரிந்ததால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

தூரம் சுலபம். மீட்டரை வகுத்ததே இந்த ஊர்க்காரர்கள்தான். வடதுருவத்திலிருந்து பாரிஸ் வழியாகப் பூமத்திய ரேகை வரை ஒரு கோடி மீட்டர் என்று வைத்தார்கள். அப்படியானால் உலகைச் சுற்றிவர 40,000 கிலோமீட்டர். மீனம்பாக்கத்துக்கும் இங்குள்ள ரோய்சி விமான நிலையத்துக்கும் உலக உருண்டை மேல் நூல் பிடித்தால் 72 பாகை, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 8,000 கிலோமீட்டர், உங்கள் கணக்கில் 5,000 மைல். துபாயில் இறங்கி ஏறினாலும் 200 கிலோமீட்டர்கூட அதிகமாகாது.

நேரம்தான் வம்பு. டிக்கெட்டில் சென்னை அதிகாலை 4.00, பாரிஸ் பகல் 1.30 என்று இருக்கும். ஒன்பதரை மணி நேரம் என்று கழித்துவிடாதீர்கள். கோடையில் இங்கே கடிகாரம் மூன்றரை மணி பின்னால் ஓடுகிறது. ஆகவே 13 மணி நேரம். (அக்டோபர் கடைசி ஞாயிறு நாடே முள்ளைத் திருப்பும். அப்புறம் நாலரை.) மேற்கே வரும்போது எதிர்க்காற்று வேறு. திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும், ஆனால் அந்த மூன்றரை மணியைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

இதற்கு முன்னால் ஈ.சி.ஆரில் 150 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருப்பது. பின்னால் ரோய்சியில் பாஸ்போர்ட் வரிசை. பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர்கள் விறுவிறுவென்று போய்விடுவார்கள். 1962-இல், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் 'ஒப்சியோன்' எழுதிக்கொடுக்கச் சொன்னபோது தாத்தா வெற்றிலை மென்றபடி யோசித்துக்கொண்டே இருந்துவிட்டார். அந்த யோசனையின் பாக்கியை நீங்கள் நின்று தீர்க்க வேண்டும்.

ரொம்ப நேரமாகிறதே என்று தோன்றினால் வானியலாளர் லெ ஜாந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்த்து, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட 1760-இல் பிரான்சிலிருந்து நம்மூருக்குக் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில். 1761-இல் நடந்த கடப்பைக் கப்பலின் ஆட்டத்திலேயே கோட்டைவிட்டார். அடுத்த வாய்ப்புக்கு எட்டு வருடம் காத்திருந்து, நம்மூரிலேயே தொலைநோக்கியை நட்டுவைத்தால், 1769 ஜூன் 4 காலையில் மேகம்! எல்லாம் முடிந்த பிறகு பளிச்சென்று வெயில். 1771-இல் ஊர் திரும்பினால், ஆள் இறந்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். உங்கள் வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டே வாருங்கள்.

பெரியம்மா காய்ச்சிய நெய் வேண்டாம். வெளியிலிருந்து பால் பண்டம் ஐரோப்பாவுக்குள் வரக்கூடாது. ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் சென்னையிலேயே பறிபோகும், பெரிய பெட்டியில் போடுங்கள். கருவாட்டுக்குத் தடை இல்லை. நாலு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, வேட்டிகளுக்கு எட்டாத மூலையில் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்