கேஸோட சேத்து ஒரு துப்பாக்கி

மாப்ளே, மேற்காலத் தோட்டத்துப் பண்ணாடி ரெட்டைக்குழல் துப்பாக்கியக் குடுக்கறேன்னாராமா? பேஷா வாங்கு. மீசை இருக்குது, புல்லட்டு இருக்குது, அது ஒண்ணுதான் கொறை. ராத்திரியே காசக் குடுத்து, சாக்குல சுத்தித் தூக்கிட்டு வந்துரு. விடியறதுக்குள்ள போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுரு. போலீசுகாரங்களுக்கும் தேடற வேலை மிச்சம்.

ஆனா ஒண்ணு யோசி. கறையான் தின்ன கதவக்கூட விக்காத மனுசன், துப்பாக்கிய மட்டும் ஏன் கூப்புட்டுக் குடுக்கறாரு?

அவரு வாங்குனது ரெண்டு, அவுங்க அய்யன் உட்டுட்டுப் போனது ஒண்ணு. முன்னால ஒரு ஆளு 3 வெச்சுக்கலாம். 2019ல சட்டத்தத் திருத்தி 2 போதும்னுட்டாங்க. பாட்டன் சொத்துன்னாலும் அதே கணக்குத்தான். மிஞ்சுனத ஒரு வருசத்துக்குள்ள ஸ்டேஷன்லயோ, லைசென்ஸ் வெச்ச துப்பாக்கிக் கடையிலயோ ஒப்படைச்சிருக்கோணும். இவரு பரணுகிட்ட ஒப்படைச்சாரு. இப்பப் பரண்ல இருக்கற கேஸத்தான் உனக்கு விக்கறாரு. கேஸக் காசு குடுத்து வாங்குன ஆளு நம்மூர்ல இதுவரைக்கும் இல்லை. அந்தப் பேரு உனக்குக் கெடைக்கட்டும். லைசென்ஸ் இல்லாதவனுக்கு வித்தா 7 வருசத்துல இருந்து ஆயுள் வரைக்கும் போகும். அவருக்குப் பேரன் பேத்தி எடுத்த வயசு. உனக்கு இன்னும் கண்ணாலமே ஆகலை.

பழைய சாமான் சேக்கறேன், செவுத்துல மாட்டத்தான்னு சொல்லிக்கலாங்கறியா? நல்ல ரோசனை. பழம்பொருளுக்குச் சட்டத்துல வழி இருக்குது. என்ன, ரிப்பேர் பண்ணுனாக்கூடச் சுடாத துப்பாக்கியா இருக்கோணும். இதுல போன வாரந்தான் மயில் முடுக்கறதுக்கு ரெண்டு வெடி வெச்சாரு. ஊரே கேட்டுச்சு.

குடகுல லைசென்ஸே வேண்டாமேன்னு அடுத்து ஆரம்பிப்பே. நெசந்தான், 2029 வரைக்கும் அந்தச் சலுகைய நீட்டியிருக்காங்க. அதுக்குக் குடவராப் பொறந்திருக்கோணும், இல்லீன்னா அங்க ஜம்மாங்கற பரம்பரைப் பூமி இருக்கோணும். உங்கப்பன் வெச்சுட்டுப் போனது இந்த முக்கா ஏக்கர் வறட்டுக்காடு.

அதுக்காக மனசு உட்றாதே. சொத்து இல்லைங்கற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் மறுக்கக் கூடாதுன்னு 1959ஆம் வருசத்து ஆயுதச் சட்டத்துலயே எழுதியிருக்குது. பொண்ணு கேட்டுப் போற எடத்துலதான் காடு எத்தனை, கெணறு எத்தனைன்னு கேக்கறாங்க. துப்பாக்கி கேட்டா அந்தச் சாக்குச் சொல்லி அனுப்ப முடியாது.

மொறையா வாங்கறதுன்னா, வயசு 21 ஆகியிருக்கோணும். உனக்கு வயசு ஆயிருச்சு, புத்திக்குச் சட்டம் ஒண்ணும் சொல்லலை. டாக்டர் சர்டிபிகேட்டு, துப்பாக்கிப் பயிற்சி எடுத்த சர்டிபிகேட்டு, கலெக்டர் ஆபீசுல மனு. லைசென்ஸ் வந்தப்பறம் கணக்குல இருக்கற துப்பாக்கியாப் பாரு. விக்கறவரு, இன்னாருக்கு, இன்ன விலாசத்துக்குக் குடுக்கப் போறேன்னு கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுதிக் குடுத்துட்டு 45 நாள் பொறுக்கோணும். நீ டீ ஆறுற வரைக்குமே பொறுக்க மாட்டே.

லைசென்ஸ் குடுக்கறதுக்கு முன்னால ஸ்டேஷன்ல இருந்து அறிக்கை வாங்குவாங்க. ஆளு எப்பிடின்னு அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்க. பக்கத்து ஊடு என்னுது. மாரியாத்தா நோம்பில மைக்செட்டுக்காரன அடிச்சுட்டு, இனி ஒழுங்கா இருப்பேன்னு ஆர்டிஓ முன்னால பத்திரம் எழுதிக் குடுத்தியே, அது முடியற வரைக்கும் நீ துப்பாக்கி வெச்சுக்கவே கூடாது. நான் மறந்தாலும் ரைட்டரு நோட்டு மறக்காது. நோட்டுல ஏறாத சங்கதி இன்னும் நாலு இருக்குது, அதெல்லாம் மாமன் நெஞ்சுக்குள்ள பத்திரமா இருக்குது. ஆனி மாசம் எரவல் வாங்கிட்டுப் போன மருந்தடிக்கற மிஷின, ஓஸோட, சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து திண்ணையில வெச்சுரு. விசாரிக்க வர்றப்ப எனக்குக் காது சரியாக் கேக்காது.