அப்பா பெயரில் நிலம், பிள்ளை பெயரில் பாஸ்வேர்ட்

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் விவரங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தச் செயலியும் வாங்கக்கூடாது என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சம்மதித்தவர் நிஜமாகவே பெரியவர்தானா என்றும் சரிபார்க்க வேண்டுமாம். சட்டம் எழுதியவர்களில் ஒருவராவது எங்கள் ஊர் பனமலையில் பெண் எடுத்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். இங்கே அப்பாவின் சம்மதம் அப்பாவின் போனில். போன் மகன் கையில்.

என் அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான். கரண்ட் பில் கட்டுவது அவன். கேஸ் பதிவதும் அவன். பி.எம். கிசான் 2,000 ரூபாய்க்கு இ-கேஒய்சி முடிக்க வேண்டும் என்றால், மாமா கழனியிலிருந்தே குரல் கொடுப்பார்: "டேய், ஓ.டி.பி. வந்துச்சா பாரு!"

"தம்பி, நீயாவது சொல்லுடா. தட்டுல சோறு ஆறிப்போவுது, போனையே பாத்துகினு கெடக்கறான்" என்றாள் அக்கா. 2020-இல் பள்ளிக்கூடம் மூடியபோது, பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது என்று அவளே வாங்கித் தந்த போன்தான். தாய்மாமன் சும்மா இருக்கலாமா? ஃபேமிலி லிங்க் போட்டு நேரக் கட்டுப்பாடு வைத்துவிடலாம் என்றேன். அதற்கு அக்காவின் கூகுள் கணக்கு வேண்டும். பாஸ்வேர்ட்? அக்கா மகனைப் பார்த்தாள். அவன் சாப்பிட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி, இடது கையாலேயே மளமளவென்று எல்லாம் போட்டு முடித்தான். "கூட நேரம் வேணும்னா உன் போனுக்குக் கேட்டு வரும்மா. நீ ஒண்ணும் அமுக்க வேணாம், நானே அமுக்கிக்கறேன்."

"கண்ணு கெட்டுப்பூடும்டா" என்றார் ஆயா, சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல். ஊர்க் குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில் ஒரு சுவரோவியம் உண்டு. குடை நிழலில் ஒரு காலை மடக்கிச் சாய்ந்துகொண்டு, சிவன் ஆடுவதைப் பார்வதி பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுமார் 1,300 ஆண்டுகளாக. சிவன் பக்கம் வண்ணம் பெரும்பாலும் போய்விட்டது. ஸ்க்ரீன் போன பிறகும் அம்மன் பார்வையை எடுக்கவில்லை. அவளிடம் போய் யாரும் கண்ணு கெடும் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குள் சமூக ஊடகக் கணக்கு கிடையாது. இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வரலாமா என்று மத்திய அரசு ஆராயலாம் என்றது, அதே மாதம், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. நள்ளிரவு வரை அந்தச் செய்தியைக் குடும்பக் குரூப், சங்கக் குரூப், கோயில் குரூப் என்று தள்ளிக்கொண்டிருந்தார். விடிந்ததும் என்னிடம் தனியாக வந்தார்.

"அது சரி மாப்ள, இவன் போனைத் தொடக்கூடாதுன்னு சட்டம் வந்துட்டா, கிசான் பணத்த யாரு பாக்கறது?"