கண்ணகிக்கு எதற்கு விண்டோஸ் 11?

கேள்வி: சிலப்பதிகாரம் படிக்க மட்டுமே வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டரை விண்டோஸ் 11-க்கு மாற்றித்தான் ஆகணுமா?
– ஒரு வாசகர், ஏரியூர்

பதில்: கண்ணகி கேட்கவில்லை; மைக்ரோசாஃப்ட்தான் கேட்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நெட் பக்கம் போகாமல் படித்தால் பெரிய கவலையில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத மெஷினில் 11 முறைப்படி ஏறவும் ஏறாது.

சிலம்பு பார்க்காத அப்கிரேடா! 1892-இல் உ.வே.சா. அதை ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏற்றினார் (பிழை வந்தால் அன்று கன்ட்ரோல்-இசட் கிடையாது). 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் மின்னூலாக்கியது. திஸ்கி என்ற அந்தக் காலத்துத் தமிழ்க் குறியாக்கத்தில் உள்ள கோப்பை உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால், கோவலன் வாயிலிருந்து கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகள்தான் கொட்டும். பிறகு யூனிகோடு வந்து காப்பாற்றியது.

உங்களிடம் இருப்பது திஸ்கியா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் காத்திருக்கட்டும்.