செயின் மைனருக்கு

வாடா பேராண்டி. ஒன் சைக்கிள் செயின் கத்துற கத்துக்கு இப்பல்லாம் ஆளுங்க சங்கு ஊதுறதுக்கு முன்னாலயே பெரட்டுக்களத்துல வந்து நிக்கிறாங்க. தொர ஒனக்குச் சம்பளம் போட்டாலும் போடுவாரு.

ஆனா பாக்க என்ன பளபளப்பு! தேங்காயெண்ணெயத் தடவினியாமே? 24 பாகைக்குக் கீழ எறங்கினா அது ஒறஞ்சுரும். ஹட்டன்லயே போத்தல அடுப்போரம் வச்சு எளக்கித்தான் தலைக்கு வைக்கிறோம். நீ நானுஓயா தாண்டி 1,868 மீட்டர்ல இருக்கிற நுவரெலியாவுக்கு ஏறப் போறேங்கிற. அங்க அந்த எண்ணெய் போர்வையப் பொத்திக்கிட்டுத் தூங்கும்.

இந்த உருளைச் செயின 1880ல மான்செஸ்டர்ல ஹான்ஸ் ரெனோல்ட்னு ஒரு தொர செஞ்சாரு. உள்ள ஆணி, அதுமேல புஷ், அதுமேல சுத்துற உருளை. தேயிறதெல்லாம் அந்த இருட்டுக்குள்ளதான். நீயோ வெளித்தகட்டுக்கு அலங்காரம் பண்ற. அங்க வச்ச எண்ணெய்க்கு ஒரே வேலை, ரோட்டு மண்ணக் கூப்புட்டு ஒட்டவைக்கிறது.

மொதல்ல பழைய பிரஷ்ஷால மண்ணெண்ணெய் தொட்டுக் கழுவு. சிக்கனமாடா! 2022 ஆகஸ்ட்ல லீட்டர் 87 ரூவாயிலருந்து 340க்குப் பாஞ்சத நான் இன்னும் மறக்கல. நீயும் பெட்ரோல் வரிசையில நின்னு அலுத்துத்தானே இந்தச் சைக்கிள வாங்கின? தொடச்சு நல்லாக் காயவிடு. தையல் மெஷின் எண்ணெய் வேணாம், வட்டவளையில ஒரு பாட்டம் மழை போதும், கழுவிட்டுப் போயிரும். மழைக்கு ஈடுகுடுக்கிற தடிச்ச எண்ணெயா வாங்கி, உருளைக்கு ஒரு சொட்டு விடு. பெடலப் பின்னால சுத்தி, ராத்திரி அப்படியே விட்டுரு. விடிஞ்சதும் வெளிய தெரியிற எண்ணெயெல்லாம் துணியால தொடச்சு எடு. ஆமா, காசு குடுத்து வாங்குன எண்ணெயத்தான். மனசு வராதுன்னு தெரியும், ஒங்கப்பன் வளர்ப்பு அப்படி.

எண்ணெய் விடுறதுக்கு முன்ன அடிமட்டத்த வச்சுப் பாரு. ஆணிக்கு ஆணி அரை அங்குலம், 24 கண்ணி நேரா 12 அங்குலம் வரணும். வீசம் கூடினா செயின மாத்து. அரைக்கால் கூடினா பல்சக்கரமும் தேஞ்சுபோச்சு. அப்ப எண்ணெயும் வேணாம், என் புத்தியும் வேணாம், தள்ளிக்கிட்டே போ.

கழுவுன மண்ணெண்ணெயப் பீலியில ஊத்திராத, பொம்பளைங்க ஒன்ன வெளுத்துருவாங்க. போத்தல்ல அடச்சு இங்க கொண்டா. அழுக்கு அடியில தங்கட்டும், தெளிஞ்சத என் கவ்வாத்துக் கத்திக்குத் தடவிக்கிறேன். இம்புட்டு புத்தி சொன்னதுக்கு வேற என்ன கூலி கேக்கப் போறேன்?