பின்கணக்குப் பெரியப்பா

முகூர்த்தம் காலை 6 மணிக்கு என்றால், பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்பே பெரியப்பா விரலை மடக்கத் தொடங்கிவிடுவார்.

"ஆறு மணிக்குத் தாலி. அஞ்சரைக்குப் பொண்ணு மணையில இருக்கணும். அப்ப நாலு மணிக்கு அலங்காரம். ஒரு அரை மணி கூடப் போட்டுக்க, பியூட்டிஷியன் கும்பகோணத்துலேர்ந்து வரணும். மூணரை. மூணு மணிக்குக் குளியல். ஒரு அரை மணி கூடப் போட்டுக்க, மண்டபத்து மோட்டார நம்ப முடியாது. ரெண்டரை. அப்ப ஒண்ணரைக்கெல்லாம் காப்பி ரெடியா இருக்கணும்."

"தூங்கறது எப்ப பெரியப்பா?"

"தூக்கத்துக்குக் கணக்குல எடமில்லையே!"

குறிப்பாக யாரையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. வலது முழங்காலில் தைலம் தடவியபடி, பேப்பரில் மேட்டூர் நீர்மட்டத்தை மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்கிற பெரியப்பா தஞ்சாவூர்ப் பக்கம் எந்த வீட்டில்தான் இல்லை?

எல்லாக் கோளாறும் அந்த அரை மணியில் இருக்கிறது. ரயிலுக்குப் போவதானாலும் சரி, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதானாலும் சரி, படிக்குப் படி ஒரு அரை மணியோ அரை நாளோ சொருகுவார். கணக்கு முடியும்போது, வேலையை ஆரம்பித்திருக்க வேண்டிய நேரம் நேற்றே போயிருக்கும். "நான் அப்பவே சொன்னேன்" என்பார். எப்போது சொன்னார் என்று கேட்கக் கூடாது. பட்டணத்தில் வேலை பார்க்கும் அவர் மகன் நேர் எதிர்: "ஆரம்பிச்சா தானா முடியும்பா." அப்பனும் பிள்ளையும் சேர்ந்து ஒரு கொல்லைச் சுவரைக் கட்டி முடித்ததில்லை.

இந்த வியாதியை அவருக்குக் கொடுத்தது குறுவை நெல். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் இறங்கிவிடும். அதற்குள் அறுத்து, காயவைத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டாக வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை வெளியிலேயே கிடக்கும். ஆகவே அறுப்பு செப்டம்பர் 30. ஆடுதுறை 43 ரகத்துக்கு வயது 110 நாள். விரலை மடக்கிக்கொண்டே பின்னால் போனால் விதைக்க வேண்டிய நாள் சரியாக ஜூன் 12. மேட்டூர் அணையைத் திறக்கும் நாளும் அதுவே! இதைச் சொல்லும்போது, அணையையே தன்னைக் கேட்டுத்தான் கட்டினார்கள் என்பதுபோல் பெரியப்பாவின் முகம் மலரும்.

ஆனால் கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நாளாவது ஆகும். தலைஞாயிறு, வேதாரண்யம் என்று கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் எத்தனை நாளோ. போர்க்கிணறு இல்லாதவன் கணக்கு முதல் நாளே உதைக்கும்.

2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். கையில் 19 நாள் உபரி. அதை எந்த விரலில் வைப்பது என்று தெரியாமல் மனிதர் தவித்துப்போனார். 2024-இல் ஜூலை 28-இல் திறந்தார்கள். 110 நாளைக் கூட்டினால் அறுப்பு நவம்பர் 15. அடைமழையில் எங்கே அறுப்பது? கடைசித் தேதி மழையின் கையில், முதல் தேதி மேட்டூரின் கையில். இரண்டுக்கும் நடுவில் இடம் போதாவிட்டால் தள்ளிவைக்க முடியாது. குறுவையையே விட்டுவிட வேண்டியதுதான். பெரியப்பா மாதிரி ஆட்கள் சம்பாவுக்குத் தாவி, ஜனவரி 28-இல் அணை மூடுவதிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்குவார்கள். அந்த அரை மணியைச் சொருகுகிற கை, மழையில் முளைத்த நெல்லை அள்ளிப் பார்த்த கை. அதனால்தான் திட்ட மனம் வரமாட்டேன் என்கிறது.

திட்ட வேண்டியவர்கள் வேறு. ஜூன் 12 என்பது ராணுவ ரகசியமல்ல. மேட்டூர் அணை வந்து 90 வருஷம் தாண்டிவிட்டது. இருந்தும் ஆறு, வாய்க்கால் தூர்வாரும் வேலை, மகன் கட்சியாக, ஆரம்பித்த தேதியிலிருந்துதான் எண்ணப்படுகிறது. டெண்டர் முடிந்ததும் அறிக்கை, அறிக்கை முடிந்ததும் பூஜை, பூஜை முடிந்ததும் போட்டோ. தண்ணீர் வரும்போது பொக்லைன் வாய்க்காலுக்குள் நிற்கும். வாரிய மண் கரையிலிருந்து மறுபடி உள்ளே சரியும். தூர்வாரியதாகக் கணக்கில் இருக்கும் வாய்க்காலில் ஆகாயத்தாமரை பூத்திருக்கும்.

அதிகாரி ஐயா, கோட்டத்துக்கு ஒரு பெரியப்பாவைத் தூர்வாரும் வேலைக்குப் பொறுப்பாகப் போடுங்கள். சம்பளம் வேண்டாம், காப்பி போதும். மார்ச்சிலேயே உங்களைத் தூங்கவிடாமல் வாய்க்காலில் இறக்கிவிடுவார்.